அண்ணன் கலந்த மணல்

மொட்டை மாடி ஒழுகுகிறது, ரிப்பேர் பண்ணலாம் என்று இருக்கிறோம், என்னவெல்லாம் நடக்கும் என்று எங்கள் குப்பத்தில் யாராவது கேட்டால் இப்போது என்னிடம்தான் அனுப்பி வைக்கிறார்கள். நானும் சொல்கிறேன். தூசி வரும். அரிசிப் பானைக்குள்ளேயும் வரும், தலையணை உறைக்குள்ளேயும் வரும். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரி பேச்சை நிறுத்திவிடுவாள். மூன்று நாளில் முடிக்கிறேன் என்றவர் மூன்றாம் நாள்தான் உளியைக் கையில் எடுப்பார். உடைத்துப் பார்த்துவிட்டு, நினைத்ததைவிட அதிகமாகக் கெட்டுப் போயிருக்கிறது என்பார். அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். இவ்வளவும் சொல்வேன். இன்னொன்றும் சொல்லத்தான் நினைக்கிறேன், அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் சந்தேகக்காரி. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். வண்டியில் வந்து இறங்கிய முட்டையை அப்படியே வாங்கி வைத்ததாகச் சரித்திரமே இல்லை. ஒவ்வொன்றையும் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். தராசுத் தட்டுக்கு அடியில் விரல் விட்டுத் தடவாமல் எதையும் நிறுக்க விடமாட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைப் படித்துப் பார்த்த பிறகுதான் உட்காருவேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், "இவள ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வருஷம் போகப் போக அதே வார்த்தையை அலுப்போடு சொல்ல ஆரம்பித்தார்.

எங்கள் வீடு மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு கூடம், மேலே தட்டை ஓடு பதித்த மொட்டை மாடி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓலைக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு அதைக் கட்டியவர் என் சொந்த அண்ணன். எங்கள் ஆட்களில் கடலுக்குப் போகாமல் கொத்துக் கரண்டியைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான். படகில் ஏறினாலே அவருக்குக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். ஆம்பளையாகப் பிறந்து கரையில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேலி பேசினார்கள். பேசினவர்களே பிறகு வீடு கட்ட அவரைத் தேடி வந்தார்கள். அவருக்குப் போர்டு கிடையாது, கார்டு கிடையாது. "அந்தாளு கடல் மணலத் தொடமாட்டாரு" என்கிற ஒரு பேச்சுதான் அவருக்கு வேலை கொண்டுவந்து கொடுத்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்களுக்கு மணல் வாசலிலேயே கிடக்கிறது. வீடு கட்ட ஆகிற மணலோ அந்த நாளில் பாலாற்றிலிருந்து லாரியில் வர வேண்டும். லாரி வராத நாளில், வீட்டுக்காரன் பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஒரு கொத்தனார் நினைத்தால் பத்துப் பாண்டுச் சட்டி கடல் மணலை அள்ளிக் கலவையில் போட்டுவிடலாம். போட்ட அன்று யாருக்கும் தெரியாது. உப்பு உள்ளேயே இருந்து கம்பியைத் தின்னும். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத் தளம் உதிர ஆரம்பிக்கும். ஆகவே கடற்கரையில் ஒரு கொத்தனாரின் பிழைப்பைக் கெடுக்க வேறு எதுவும் வேண்டாம். கடல் மணல் கலந்தான் என்று சொன்னால் போதும். நான் சொன்னேன்.

போன கார்த்திகை மழையில் நடந்தது. மகள் காலை ஆறு மணிக்கே சிறுசேரி கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விட்டாள். எட்டு மணி இருக்கும், அவள் அறையில் அரிசி மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தலையணைமேல் முறம் அகலத்துக்கு ஒரு கான்கிரீட் துண்டு கிடக்கிறது. மேலே துருப்பிடித்த கம்பிகள் பல்லை இளிக்கின்றன. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அந்தத் தலையணையில் என் ஒரே மகளின் தலை இருந்தது. 

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் ஓடி வந்தார். அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மாடிக்குப் போகப் படியில் கால் வைத்தார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"கடல் மணலக் கலந்து எம் பொண்ணு தலையில போட்டுட்டியே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் நான் தெருவுக்கு வந்து இன்னும் சத்தமாக அதையே சொன்னேன். மழை விட்டிருந்த நேரம், எல்லோரும் வாசலில் இருந்தார்கள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்.

பதில் பேசாமல் போனார் பாருங்கள், அதுதான் எனக்குச் சாட்சியாகிவிட்டது. தப்புப் பண்ணாதவன் கத்தமாட்டானா? மடியில் கனம் இருக்கவேதான் வாய் அடைத்துப் போகிறது என்று வீட்டுக்காரரிடம் வாதாடினேன். தளம் போடும் நாளில் வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டுக்குத் தளம் போட்ட அன்றைக்குக் கறி எடுக்கத் திருக்கழுக்குன்றம் போய்விட்டு மதியம்தான் திரும்பினேன். அந்த அரை நாள் பதினெட்டு வருஷமாக என் நினைப்பிலேயே இல்லை. இப்போது திடீரென்று அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நான் இல்லாத அந்த நேரத்தில்தான் என்னவோ நடந்திருக்கிறது. குழாயடியில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், மீன் ஏலம் விடுகிற இடத்தில் சொன்னேன். கூடப் பிறந்தவளே சொல்கிறாள் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அண்ணனிடம் பேசி வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளுக்கு மாறினார்கள். தை பிறப்பதற்குள் அவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சிறுசேரிப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போக ஆரம்பித்தார் என்று தெரிந்தது. வேறொரு மேஸ்திரிக்குக் கீழே, டைல்ஸ் ஒட்டுகிற கூலியாக. எனக்கு அப்போது பரிதாபமே வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் இருந்தது.

மழைக்காலத்தில் தளத்தில் கை வைக்க முடியாது. மகள் கூடத்தில் படுத்துக்கொண்டாள். நான் வெயிலுக்குக் காத்திருந்தேன், ஆளும் தேடினேன். எங்கள் பக்கத்து ஆள் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அண்ணனுக்கு வேண்டியவனாக இருந்தால் பூசி மெழுகிவிடுவானே. கடைசியில் செங்கல்பட்டிலிருந்து ஒரு மேஸ்திரி கிடைத்தார். அணுபுரம் பக்கம் நிறைய ஒழுகல் வேலை பார்த்தவராம். ஐம்பது வயது, ஒல்லி, வெற்றிலைக் காவி ஏறிய பல். எனக்கு ரிப்பேர் மட்டும் போதாது. உடைத்த பிறகு அந்த ஆள் வாயாலேயே "இது கடல் மணலுமா" என்று நாலு பேர் எதிரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்தேன்.

வந்ததும் அவர் ஒரு சின்ன சுத்தியலை எடுத்து அறையின் கூரை முழுக்கத் தட்டினார். நல்ல இடத்தில் டங் டங் என்று கேட்டது. கெட்ட இடத்தில் காலி டப்பாவைத் தட்டின மாதிரி கேட்டது. அப்படிக் காலியாகக் கேட்ட இடத்தை எல்லாம் கரித்துண்டால் வளைத்துக் கோடு போட்டார். கோடு பெரிதாகிக்கொண்டே போனது. வேலையை இழுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி நானும் தட்டிப் பார்த்தேன். காலி டப்பாதான்.

அடுத்து, அறையைக் காலி பண்ணச் சொன்னார். பீரோவும் வேண்டாம், காலண்டரும் வேண்டாம் என்றார். பீரோவை எதற்கு வெளியே எடுக்கச் சொல்கிறார் என்று அதற்கும் ஒரு யோசனை. பூட்டுக்குமேல் பூட்டுப் போட்டுக் கூடத்தில் என் பார்வையிலேயே வைத்தேன். இரும்பு முட்டு கொண்டுவந்து வரிசையாக நிறுத்தித் தளத்தைத் தாங்க வைத்தார். சிமென்ட் மூட்டைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் தையலும் பிரிபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மேலே போட்டிருந்த தேதியை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று பதில் வந்தது.

மேலே தட்டோட்டைப் பெயர்க்க ஆரம்பித்தபோது பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் நிழலே இல்லாத மாடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தலையில் ஈரத் துண்டு.

"யம்மா, நீ இப்டி மொறச்சிகினே குந்திருந்தா எனக்குக் கையே ஓடல" என்றார் மேஸ்திரி.

"ஓடலன்னா மெதுவா செய்யி. நான் எயுந்து போவமாட்டேன்" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஓட்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. அதன் அடியில் சுருக்கி, அதாவது சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்த படுகை. அதையும் தோண்டிவிட்டுத் தளத்தில் உளியை வைத்தார். அடிக்கவே வேண்டாம் போல, கையாலேயே பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி துருவேறி ஊதி, அடுக்கடுக்காக உரிந்து நின்றது. அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார் மேஸ்திரி. நானும் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. படியில் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளையும் கூப்பிட்டேன்.

"உப்பு! பாத்தியா? கடல் மணல்தானே? சொல்லு மேஸ்திரி, எல்லாரும் கேக்கட்டும்."

மேஸ்திரி ஒரு கான்கிரீட் துண்டை எடுத்துச் சம்மட்டியால் நொறுக்கினார். தண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடல் மணல்னா கிளிஞ்சத் தூளு இருக்கும்மா. இதுல ஒரு பொட்டுகூட இல்ல. பாலாத்து மணலு. நல்ல மணலு."

"நல்லா பாரு."

"முப்பது வருசமா இதத்தாம்மா பாத்துகினு கீறேன்."

அப்போது எனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணன் இந்த ஆளைப் போய்ப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. கொத்தனாரும் கொத்தனாரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். வாய்விட்டே கேட்டேன், "எங்கண்ணன் ஒன்ன வந்து பாத்தாரா?"

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. உளியைக் கீழே போட்டார். "ஒங்கண்ணன் யாருன்னே எனக்குத் தெரியாது. நீயே ஒரு எடத்தக் காட்டு. நீ சொல்ற எடத்துல ஒடைக்கறேன்."

விடுவேனா? கிழக்கு மூலையைக் காட்டினேன், கூடத்துக்கு மேலே. காலையில் கலவை ஆரம்பித்த இடம் அதுதான், நான் கறி வாங்கப் போயிருந்தபோது போட்ட இடம். அவர் போய் நாலு ஓட்டைப் பெயர்த்து, சுருக்கியைத் தோண்டி, தளத்தில் உளி வைத்து அடித்தார். உளி எகிறித் தெறித்தது. மறுபடி அடித்தார். வியர்வை கொட்ட அரை மணி நேரம் அடித்து ஒரு கைப்பிடி அளவு கொத்தி எடுத்தார். உள்ளே கம்பி கடையில் வாங்கியபோது இருந்த நிறத்திலேயே இருந்தது.

"ரெண்டும் ஒரே ஆளு, ஒரே நாளு போட்ட தளந்தான?"

"ஆமா."

"இங்க கருங்கல்லாட்டம் கீது. அப்ப அந்த மூலையில மட்டும் இன்னா பண்ணீங்க? உப்பு உள்ளேந்து வரல, மேலேந்து எறங்கி கீது. ஓட்டுக்கடில அவ்ளோ வெள்ளை, கீய போவப் போவ கம்மி. எங்கேந்து வந்துச்சு அவ்ளோ உப்பு?"

பெயர்த்த ஓடுகளை மதில் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் சில ஓடுகளில் வளைவு வளைவாகக் கறை தெரிந்தது. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால் வட்டமாக வரும், ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடி அளவுக்கு. அது என் தொட்டி.

பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு முடிந்துவிடும். மீதி நேரத்தைச் சும்மா விடுகிறவள் இல்லை நான். வீட்டுக்காரர் கொண்டுவந்ததில் விற்காமல் போன மீனையும், கரையில் மலிவாகக் கிடைத்ததையும் மாடிக்குத் தூக்கிப்போய், மகள் அறைக்கு நேர் மேலே மேற்கு மூலையில் மூன்று தொட்டியில் உப்புப் போட்டு ஊற வைப்பேன். மறுநாள் மீனை எடுத்து ஓட்டின்மேல் பரப்பிவிட்டு, தொட்டியை அங்கேயே சாய்த்துவிடுவேன். உப்புத் தண்ணீர் ஓட்டு இடுக்குகளில் இறங்கி, மீதி, மழைத் தண்ணீர் வடிகிற தூம்பு வழியாகப் போகும். கீழே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட இடுப்பு ஒத்துழைக்காது. வீடு கட்டின நாளிலிருந்து இப்படிப் பதினைந்து வருஷம். கருவாட்டு நாற்றம் ஆபீஸ் உடுப்பில் ஏறுகிறது என்று மகள் அழுத பிறகுதான் நிறுத்தினேன். கருவாடு காயப்போட்டால் வீடு கெடும் என்று எங்களில் யார் நினைப்போம்? எங்களுக்கு மாடி எதற்கு இருக்கிறது?

"நான்தான்" என்றேன். மேஸ்திரிக்குப் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவர் கீழே இறங்கிப் போனார். பக்கத்து மாடிக்காரி எப்போதோ துணியை உலர்த்திவிட்டுப் போயிருந்தாள்.

அன்றைக்கே அண்ணனைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேலை முடியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பயம், வேறென்ன. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள், அரித்துப் போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டினார்கள், துரு ஏறாத பூச்சு அடித்துப் புதுக்கலவை போட்டார்கள், ஈரச் சாக்கு போட்டு நாள் கணக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் மாடிப் பக்கமே போகவில்லை. மூட்டையையும் பார்க்கவில்லை. மேஸ்திரிக்கே ஆச்சரியமாகி, "இன்னாமா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். கடைசியில் தூம்பை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை. மகள் தன் கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டாள். இனிமேல் சொல்ல எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு டைல்ஸ் ஒட்டினால் முட்டி என்னவாகும்? எட்டு மாசத்தில் ஆளே பாதியாகிவிட்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணா, மணல் இல்ல. நான் ஊத்துன உப்புத் தண்ணி."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்பேந்து?"

"உயுந்த அன்னிக்கே. அண்ணாந்து பாத்தப்பவே தெரிஞ்சிச்சு, ஒன் தொட்டிக்கு நேர் கீய. மேல போயி பாத்துட்டு சொல்லலாம்னு படி ஏறுனேன்."

"ஏன் அப்புறமாச்சும் சொல்லல?"

அவர் தைலப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். "நீ எங்க கேட்ட? ஊரு பூரா சொன்ன. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரையும் கேட்டவள் நான். முட்டைக்காரனை, கண்டக்டரை, மேஸ்திரியை, எல்லோரையும் குடைந்து குடைந்து கேட்டவள். கூடப் பிறந்தவரை மட்டும் கேட்கவில்லை. எல்லா வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "சொல்லு" என்றார். அவ்வளவுதான். அண்ணி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தேன்.

முதலில் போனது அண்ணனை விட்டு வேறு ஆளுக்கு மாறின வீடுகளில் ஒன்றுக்கு. அவர்களுக்குச் சுவர் எழும்பி முடிந்து, தளம் மட்டும் பாக்கி இருந்தது. அந்த வீட்டுக்காரி சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். தொட்டியைப் பற்றி, ஓட்டில் இருந்த கறையைப் பற்றி, கிழக்கு மூலையில் உளி எகிறினதைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே மீன் அரிந்தாள். முடித்ததும் சிரித்தாள்.

"அண்ணனும் தங்கச்சியும் ராசியாயிட்டீங்களா? நல்லது. ரத்தமாச்சே, உட்டுக் குடுக்க முடியுமா?"

"எம் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்டி. எந் தப்புதான்."

"செரி செரி, நம்பறேன்" என்றாள், நம்பாத குரலில். "ஆனா ஒண்ணு. நீ சும்மா வாய்க்கு வந்தத சொல்ற ஆளா? ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாது? தீர விசாரிக்காம அன்னிக்கு சொந்த அண்ணன நடுத்தெருவுல வெச்சு அப்டி சொல்லியிருப்பியா?"

 அடுத்த வீட்டிலும் போய்ச் சொன்னேன், அதற்கடுத்த வீட்டிலும் சொன்னேன். தலையை ஆட்டினார்கள், காபி கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் அந்த மீன் அரிந்தவள் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். கலவை மெஷின் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. தெருவில் பாதி அடைத்துக்கொண்டு கல்லை அரைத்துச் செய்த எம்-சாண்ட் குவிந்து கிடந்தது. நான் பால் வாங்க வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் டிபன் பாக்ஸோடு வந்து, மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு, அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் சிறுசேரி பஸ்ஸுக்கு நடந்து போனார்.